கப்பலுக்கு முன்னால் ஒரு காடு

சில வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதிய சரித்திரத் தொடர்கதை ஒன்றில், ஒரே அத்தியாயத்தில் நூறு போர்க்கப்பல்களைக் கடலில் இறக்கிவிட்டேன். மன்னர் உத்தரவிட்டார், ஆறே மாதத்தில் கப்பல்கள் தயாராயின, பாய்கள் விரிந்தன, கதாநாயகன் முதல் கப்பலின் முகப்பில் நின்றுகொண்டு, கரையில் கண் கலங்கி நின்ற கதாநாயகியைப் பார்த்துக் கையசைத்தான். அந்த அத்தியாயத்துக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பாராட்டு. அந்த ஒன்றை எழுதியவர் ஒரு மரவாடிக்காரர். "ஐயா, கப்பல்கள் நன்றாக இருக்கின்றன. நூறு கப்பலுக்கு மரம் எந்தக் காட்டில் வெட்டினீர்கள்? வெட்டிய மரம் காய்வதற்கே ஆறு மாதம் போதாதே!" என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான் கடிதம்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. கதையில் போய் மரக்கணக்குக் கேட்கிறாரே என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து வெட்கம் வந்தது. கதை எழுதுகிறவர்களாகிய நாங்கள் அரண்மனைக் கதவை ஒரு பாரா வருணிப்போம். அந்தக் கதவு எந்த மலையில் மரமாக நின்றது என்று ஒரு வாக்கியம் எழுதமாட்டோம். கப்பற்படை வென்றது, தோற்றது என்று எழுதுவோம். கப்பற்படைக்கு முன்னால் ஒரு காடு இருந்தது என்பதை மறந்துவிடுவோம். மரவாடிக்காரருக்குப் பதில் எழுதவேண்டும் என்று புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். மரத்தை வாங்கினவனும் விற்றவனும் நுணுக்கமாகக் கணக்கு வைத்திருந்த இடம் எது என்று தேடிக்கொண்டு போனதில் ஐரோப்பாவில் போய் நின்றேன். அங்கே நான் கண்டது வெறும் வியாபாரக் கதையாக இல்லை.

ஒரு சின்ன விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மர வியாபாரிகள் மரங்களை இரண்டு ஜாதியாகப் பிரிப்பார்கள். பைன், ஃபர் போன்ற ஊசியிலை மரங்கள் ஒரு ஜாதி. அவை சீக்கிரம் வளரும், லேசாக இருக்கும், தண்ணீரில் மிதக்கும். ஓக், பீச் போன்ற அகன்ற இலை மரங்கள் இன்னொரு ஜாதி, வைரம் பாய்ந்தவை. ஐரோப்பாவில் வைர மரங்களுக்கெல்லாம் ராஜா ஓக். கப்பல், கோயில் கூரை, மதுப் பீப்பாய், சவப்பெட்டி எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். ஆனால் கப்பலுக்கு ஆகும்படியான ஓக் மரம் வளர நூறு வருஷமாவது ஆகும். பெரிய உத்தரமும் தூணும் வேண்டுமென்றால் நூற்றைம்பது, இருநூறு. எந்த மன்னனும் இருநூறு வருஷம் ஆண்டதில்லை. ஆகவே ஓக் மரம் விற்கிறவன் உண்மையில் மரத்தை விற்கவில்லை. தன் தேசத்தின் இரண்டு நூற்றாண்டை விற்கிறான். வாங்குகிறவன் அதைத்தான் வாங்குகிறான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற கதையெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் புரிந்துகொண்டவர்கள் வெனிஸ்காரர்கள். நகரமே கடலுக்குள் அடித்து இறக்கிய மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. அதன் செல்வமெல்லாம் அர்சனால் என்ற ராஜாங்கக் கப்பல் துறையிலிருந்து வந்தது. ஓக் இல்லாவிட்டால் கப்பல் இல்லை. கப்பல் இல்லாவிட்டால் வெனிஸ் இல்லை. ஆகவே 1471-ம் வருஷம், பியாவே நதிக்கு அருகிலுள்ள மொண்டெல்லோ என்ற குன்றின் ஓக் காட்டை முழுவதும் கப்பல் துறைக்கே என்று ஒதுக்கிவிட்டார்கள். பிற்பாடு கான்ஸிலியோ என்ற மலைக் காட்டிலிருந்த பீச் மரங்களைத் துடுப்புகளுக்கென்று ஒதுக்கினார்கள். அதற்குப் பெயரே 'பெரிய துடுப்புக் காடு'! அதிகாரிகள் காடு காடாகச் சென்று ஓக் மரங்களை எண்ணிப் பேரேட்டில் பதிந்தார்கள். அந்த மரத்தில் கை வைக்கும் குடியானவனுக்குக் கடுமையான தண்டனை. நேற்றுவரை தன் பாட்டன் விறகு பொறுக்கிய காட்டை இன்று எட்ட நின்று பார்க்க வேண்டும். அவனுக்கு எவ்வளவு வயிறெரிந்திருக்கும்!

இவ்வளவு செய்தும் போதவில்லை. 1600-ஐ ஒட்டிய வருஷங்களில், ஒரு காலத்தில் உலகத்துக்கே கப்பல் கட்டுவதில் வாத்தியாராக இருந்த வெனிஸின் வியாபாரிகள், டச்சுக்காரர்கள் கட்டிய கப்பல்களை விலைக்கு வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த டச்சுக்காரர்களிடம் காடு இருந்ததா என்றால், அதுதான் வேடிக்கை. அவர்களுடைய தேசத்தில் சொல்லிக்கொள்ளும்படியான காடே இல்லை. நிலத்தில் ஒரு பகுதி கடலிடமிருந்து பிடுங்கியது. அப்படியானால் மரம் எங்கிருந்து வந்தது? அதைச் சொல்வதற்கு முன்னால் வடக்கே பால்டிக் கடலுக்குப் போக வேண்டும்.

போலந்து தேசத்தின் நடுவே ஓடும் விஸ்துலா நதி, இப்போது கிதான்ஸ்க் என்று வழங்கும் டான்ஸிக் நகரத்துக்குப் பக்கத்தில் கடலில் கலக்கிறது. ஹன்ஸா என்ற ஜெர்மன் வணிகச் சங்கத்தின் முக்கியமான துறைமுகங்களில் டான்ஸிக்கும் ஒன்று. நதியின் மேற்பகுதிக் காடுகளில் குளிர்காலத்தில் மரம் வெட்டுவார்கள். பனி உருகி வெள்ளம் வந்ததும் தெப்பமாகக் கட்டி மிதக்கவிடுவார்கள். பச்சை ஓக் தண்ணீரைவிடக் கனம்; தனியாக விட்டால் முழுகிப் போகும். ஆகவே லேசான பைன் மரங்களோடு சேர்த்துக் கட்டி அனுப்புவார்கள். வைரம் பாய்ந்த பெரியவரை இளைஞர்கள் தோளில் தாங்கி வருவது போல!

துறைமுகத்தில் மரத்தைத் தரம் பிரிக்கச் சத்தியம் செய்துகொடுத்த பரிசோதகர்கள் இருந்தார்கள். முதல் தரத்துக்குக் 'கிரீடம்' என்று பெயர். கணுவும் வெடிப்பும் உள்ளது தள்ளுபடி. தள்ளுபடியிலும் தள்ளுபடியாக இன்னொரு தரம் உண்டு. மேற்கு ஐரோப்பாவின் சிற்பிகளும் ஓவியர்களும் ஆசைப்பட்டது 'வெயின்ஸ்காட்' என்ற பலகைக்கு. அடிமரத்தை வாளால் அறுக்காமல், ஆப்பு அடித்து நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பிளந்து எடுத்த பலகை அது. அப்படிப் பிளந்த பலகை ஈரத்தில் எளிதில் கோணாது.

அந்தப் பலகைகளின் மேல்தான் அந்நாளைய பிளாண்டர்ஸ் ஓவியர்கள் வரைந்தார்கள். கெண்ட் நகரத்தில் வான் ஐக் சகோதரர்கள் தீட்டி 1432-ல் முடிந்த புகழ்பெற்ற பலிபீட ஓவியத்தின் பலகைகள் பால்டிக் பிரதேசத்து ஓக். நமக்கு இது எப்படித் தெரியும்? மரமே சொன்னது. மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் போடுகிறதல்லவா? நல்ல பருவம் வாய்த்தால் அகலமாக, மோசமானால் குறுகலாக. ஒரே பிரதேசத்து மரங்களிலெல்லாம் இந்த வரிசை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அது மரத்தின் கைரேகை. இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் உள்ள பழைய ஓவியப் பலகைகளின் ரேகை அந்த ஊர் மரங்களின் ரேகையோடு பொருந்தாமல் ஆராய்ச்சியாளர்கள் வெகுநாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1980-களில் போலந்து ஓக் மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் புதிர் அவிழ்ந்தது. பிளாண்டர்ஸ் மேதைகள் தீட்டிய மாதாவின் திருமுகத்துக்குப் பின்னால், விஸ்துலாக் கரையில் பெய்த மழையும் பொய்த்த மழையும் வருஷவாரியாக எழுதியிருக்கின்றன.

ஆனால் அந்த மரத்தை வெட்டினவன் பெயர் அதில் இல்லை. போலந்தில் மரமும் தானியமும் மேற்கே போகப் போக, பிரபுக்களின் கையில் பணம் சேர்ந்தது. குடியானவனோ நிலத்தோடு பிணைக்கப்பட்டு, வாரத்தில் இத்தனை நாள் பிரபுவுக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்ற கட்டாயத்தில் மேலும் மேலும் அமிழ்ந்தான். 17-ம் நூற்றாண்டின் நடுவில் யுத்தங்கள் வந்தன. 1655-ல் ஸ்வீடன் படைகள் போலந்துக்குள் புகுந்தன. அந்தக் காலத்தோடு மேற்கத்திய ஓவியங்களிலிருந்து பால்டிக் ஓக் மறைந்துபோகிறது. சரித்திர ஆசிரியன் மறந்தாலும் படத்தின் முதுகில் அந்த யுத்தம் பதிந்திருக்கிறது.

இனி டச்சுக்காரர்களுக்கு வருவோம். காடில்லாத அவர்களிடம் காற்று இருந்தது. கோர்னலிஸ் கோர்னலிஸ்ஸோன் என்ற ஆலைத் தச்சர் ஒரு யோசனை செய்தார். காற்றாடி சுற்றுகிறது, வாள் மேலும் கீழும் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வளைந்த அச்சைப் பொருத்தினார். 1593-ல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆம்ஸ்டர்டாமிலிருந்த கையறுப்புக்காரர்களின் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. ஆகவே ஆலைகள் பக்கத்திலுள்ள ஸான் நதிக்கரைக்குப் போயின. கொஞ்ச காலத்தில் அங்கே நூற்றுக்கணக்கான காற்றாலைகள் மரம் அறுத்துக்கொண்டிருந்தன. யார் காட்டு மரமானாலும் அங்கே வந்து பலகையாகி, லாபம் ஏற்றிக்கொண்டு வெளியே போயிற்று. 1697-ல் ருஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் மாறுவேஷத்தில் ஸாண்டாமுக்கு வந்தார், கப்பல் கட்டக் கற்றுக்கொள்வதற்கு. அவர் திரும்பிப் போய் 1703-ல் போட்ட உத்தரவில், பெரிய நதிகளுக்கு அருகில் ஓக் மரத்தை வெட்டினால் மரண தண்டனை என்று இருந்தது. பாடத்தை நன்றாகத்தான் கற்றுக்கொண்டார்!

கையறுப்புக்காரர்களின் கோபம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். லண்டனில் லைம்ஹவுஸ் என்ற இடத்தில் எழுப்பிய காற்றாலை அறுப்புக்கூடத்தை 1768 மே மாதத்தில் அறுப்புக்காரர்கள் திரண்டு வந்து அடித்து நொறுக்கினார்கள். அதை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. குழிக்குள் ஒருவனும் மேலே ஒருவனுமாக நின்று, முகமெல்லாம் மரத்தூளாக அறுத்துப் பிழைத்த குடும்பங்கள் அவை.

டச்சுக்காரர்களுக்கு ஓக் வந்த இன்னொரு வழி ரைன் நதி. ஜெர்மனியின் கறுப்புக் காட்டிலும் மற்ற மலைகளிலும் வெட்டிய மரங்களை இணைத்து ராட்சதத் தெப்பங்களாகக் கட்டுவார்கள். 18-ம் நூற்றாண்டில் அந்தத் தெப்பம் ஒன்றை ஓட்ட நானூறு ஐந்நூறு ஆட்கள் வேண்டியிருந்தது. அதன் மேலேயே குடிசைகள், சமையற்கூடம், ரொட்டி, பீர், உயிரோடு மாடுகள். ஒரு கிராமமே மிதந்துகொண்டு டோர்ட்ரெக்ட் என்ற டச்சு நகரத்துக்குப் போகும். அங்கே தெப்பத்தை அவிழ்த்து விற்றுவிட்டு ஆட்கள் நடந்து ஊர் திரும்புவார்கள். வில்ஹெல்ம் ஹௌஃப் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1827-ல் ஒரு கதை எழுதினார். கறுப்புக் காட்டில் கரி சுடும் ஏழை இளைஞன் ஒருவன், பணத்துக்காகத் தன் இதயத்தை ஒரு பூதத்திடம் விற்றுவிட்டுக் கல் இதயத்தை வாங்கிக்கொள்கிறான். அந்தப் பூதத்தின் பெயர் 'ஹாலந்துக்கார மைக்கேல்'! மரத்தை ஹாலந்துக்கு ஓட்டி விற்கக் கற்றுக்கொடுத்து ஊரைக் கெடுத்தவன் அவன். காட்டுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் இந்த வியாபாரத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை இதைவிட நன்றாக எந்தச் சுங்கக் கணக்கும் சொல்லாது.

இங்கிலாந்தின் கதை வேறு. அவர்களுக்குச் சொந்த ஓக் இருந்தது. அதைப் பற்றிப் பெருமையும் இருந்தது. எழுபத்துநான்கு பீரங்கிக் கப்பல் ஒன்றுக்குச் சுமார் இரண்டாயிரம் ஓக் மரம் தேவை என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நெல்ஸனின் 'விக்டரி' கப்பலுக்குச் சுமார் ஆறாயிரம் மரம், பெரும்பாலும் ஓக். நேரான மரம் மட்டும் போதாது. கப்பலின் விலா எலும்புக்கும் முட்டுக்கும் இயற்கையாகவே வளைந்த மரம் வேண்டும். வேலியோரத்தில் தனியாக நின்று காற்றில் கோணி வளர்ந்த ஓக்குக்கு அங்கே மவுசு அதிகம். 1662-லேயே ஜான் ஈவ்லின் என்பவர் ராயல் சொஸைட்டியில் எச்சரித்தார், மரம் நடாவிட்டால் கப்பற்படை போய்விடும் என்று. 1664-ல் அது புத்தகமாக வந்தது. படித்தார்கள், பாராட்டினார்கள், பற்றாக்குறைக்கு டான்ஸிக் பலகையை வாங்கிக்கொண்டார்கள்.

நெப்போலியன் வந்தபிறகுதான் சுருக்கென்றது. 1807-ல் டில்ஸிட் உடன்படிக்கைக்குப் பின் பால்டிக் வழி நெப்போலியன் கைக்குள் போய்விடும் என்ற பயம் வந்தது. அதே வருஷம் இங்கிலாந்து கோபன்ஹேகனைப் பீரங்கியால் தாக்கி டேனிஷ் கப்பற்படை முழுவதையும் பிடித்துக்கொண்டு போயிற்று. மரத்துக்குக் கனடாவை நாடினார்கள். நம் பக்கமும் திரும்பிப் பார்த்தார்கள். மலபார்த் தேக்கைக் கொண்டு பம்பாயில் பார்ஸித் தச்சர்களான வாடியாக்கள் போர்க்கப்பல் கட்டிக்கொடுத்தார்கள். 1817-ல் அங்கே கடலில் இறங்கிய 'டிரிங்கமலி' என்ற கப்பல் (திருகோணமலையின் பெயர்தான்) இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது. ஓக்குக்கு நேர்ந்த பஞ்சத்தை மேற்குத்தொடர்ச்சி மலை தீர்த்துவைத்தது. மலபார்க் காடு இளைத்துப்போன பிறகு, அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நிலம்பூரில் 1840-களில் கலெக்டர் கானலியும் சாத்து மேனனும் தேக்குத் தோட்டம் போட்டார்கள்.

இப்போது கதையில் மிக விசித்திரமான கட்டத்துக்கு வருகிறோம். அயலான் காட்டை நம்பி இருக்க முடியாது என்று தெரிந்த ராஜ்யங்களெல்லாம் ஓக் விதைக்க ஆரம்பித்தன. பிரான்ஸில் பதினான்காம் லூயியின் மந்திரி கோல்பேர் 1669-ல் வனச் சட்டம் கொண்டுவந்தார். திரோன்ஸே என்ற அழிந்த காட்டைத் திரும்ப வளர்க்க ஏற்பாடு செய்தார். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி காலிங்வுட், ஊரில் இருக்கும்போது சட்டைப்பையில் ஓக் கொட்டைகளைப் போட்டுக்கொண்டு நடப்பாராம்; காலியிடம் கண்ட இடத்தில் ஒன்றை அழுத்திவிட்டுப் போவாராம். 1808-ல் டீன் காட்டில் ஓக் நடச் சட்டமே போட்டார்கள். கப்பல்களைப் பறிகொடுத்த டேனிஷ்காரர்களும் நட்டார்கள். ஸ்வீடனில் வேட்டர்ன் ஏரியின் நடுவிலுள்ள விஸிங்ஸோ தீவில் 1830-களில் சுமார் மூன்று லட்சம் ஓக் நட்டார்கள்.

மரம் மெதுவாக வளர்ந்தது. உலகம் வேகமாக வளர்ந்தது. 1859-ல் பிரான்ஸ் 'குளோவார்' என்ற கவசக் கப்பலை இறக்கியது. அடுத்த வருஷம் இங்கிலாந்து 'வாரியர்' என்ற இரும்புக் கப்பலை இறக்கியது. மரக்கப்பலின் காலம் முடிந்தது. நட்ட ஓக் மரங்களோ அப்போதுதான் இளம் பருவத்தில் நின்றன. 1975-ல் ஸ்வீடன் வனத்துறையிலிருந்து கடற்படைக்கு ஒரு தகவல் போயிற்று: "தாங்கள் கேட்டிருந்த கப்பல் மரம் தயார்." சிரிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய இலாகா வேறு எது இருக்கிறது?

நட்டவர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்லலாமா? பிரான்ஸைப் பாருங்கள். பெயர்பெற்ற போர்டோ மதுவுக்கே, 18, 19-ம் நூற்றாண்டுகளில் பீப்பாய்ப் பலகை பால்டிக் துறைமுகங்களிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அங்கே நல்ல மரம் குறைந்ததும், ரயில் பாதை திறந்துவிட்ட ஸ்லவோனியாவின் (இன்றைய குரோஷியாவின் கிழக்குப் பகுதி) ஓக் காடுகள் வெட்டுக்கு வந்தன. டிரியஸ்ட், ஃபியூமே துறைமுகங்கள் வழியாகப் பலகைகள் பிரான்ஸுக்குச் சென்றன. 20-ம் நூற்றாண்டில் யுத்தங்கள் அந்த வழிகளைத் துண்டித்தன. அப்போது பிரான்ஸ் தன் வீட்டுக்குள்ளேயே பார்த்தது. கோல்பேர் மரபில் வளர்த்த காடு காத்துக்கொண்டிருந்தது! கப்பலுக்கு என்று வளர்த்த திரோன்ஸே ஓக், இன்று கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மதுப் பீப்பாயாக நல்ல விலைக்குப் போகிறது. வாங்கிக்கொண்டிருந்த தேசம் விற்கும் தேசமாயிற்று. விற்கும் தேசத்துக்கு உரிய கவலையும் கூடவே வந்துவிட்டது. தங்கள் ஓக் அறுக்காமலே கப்பலேறிச் சீனாவுக்குப் போகிறது, எங்கள் அறுப்பாலைகளுக்கு வேலையில்லை என்று பிரெஞ்சு ஆலைக்காரர்கள் முறையிடுகிறார்கள். விஸ்துலாக் கரையில் பழைய நாளில் யாராவது இதையே முறையிட்டிருந்தால் பாரிஸில் யார் காதில் விழுந்திருக்கும்?

வெட்டிய மரம் களவு மரமல்ல என்று வியாபாரி ருசுப்பிக்க வேண்டும் என்ற விதி ஐரோப்பிய யூனியனில் 2013-ல் அமலுக்கு வந்தது. 2022-ல் உக்ரேன் யுத்தத்தை ஒட்டி ருஷ்ய மரத்துக்கும் பேலாருஸ் மரத்துக்கும் தடை விதித்தார்கள். 1655-லும் 1807-லும் நடந்ததுதான். யுத்தம் வந்தால் முதலில் மூடுகிற கடைகளில் மரவாடியும் ஒன்று.

2019 ஏப்ரல் 15-ம் தேதி பாரிஸின் நோத்ர தாம் கோயில் கூரை எரிந்ததை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூரையின் ஓக் உத்தரங்களின் கூட்டத்துக்கே 'காடு' என்று பெயர். அதைத் திரும்பக் கட்ட 2021-ல் பிரான்ஸ் முழுவதிலும் தேடி ஆயிரம் ஓக் மரங்களுக்கு மேல் தேர்ந்தெடுத்தார்கள். கோபுர முனைக்கான பெரிய மரங்கள் சில பெர்ஸே காட்டில், ராஜாங்கம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பகுதியில் கிடைத்தன. அவற்றுக்கு இருநூறு வயசுக்கு மேல். இந்தத் தடவை வேறு தேசத்தின் இரண்டு நூற்றாண்டைக் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. 2024 டிசம்பரில் கோயில் மறுபடி திறந்தது.

மரவாடிக்காரருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. ஆனால் அந்தத் தொடர்கதை புத்தகமாக வந்தபோது ஒரு காரியம் செய்தேன். ஆறு மாதத்தை ஆறு வருஷமாக்கினேன். அதனால் கதாநாயகி இன்னும் கொஞ்சம் அதிகமாகக் காத்திருக்க நேர்ந்தது; பாதகமில்லை. கப்பல் இறங்கும் அத்தியாயத்துக்கு முன்னால் புதிதாக இரண்டு பக்கம் சேர்த்தேன். ஒரு மலையடிவாரம், ராஜாங்க முத்திரை குத்திய மரங்கள், கோடாலிச் சத்தம், தன் பாட்டன் நட்ட மரம் சாய்வதை வேலியோரத்தில் நின்று பார்க்கும் ஒரு கிழவி. கதைக்கு அவள் தேவையில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவளை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.